அடிபட்டுக் கழன்ற பல்லும் அந்த முதல் அரை மணி நேரமும்

பிள்ளைக்கு முன்பல் அடிபட்டு வேரோடு வெளியே வந்துவிட்டால் வீட்டில் இரண்டு பேச்சுக் கிளம்பும். “சின்னப் பிள்ளைதானே, திரும்ப முளைச்சிடும்” என்பார் ஒருவர். “போனது போனதுதான், பெரியவனானதும் செயற்கைப் பல் வச்சுக்கலாம்” என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. நிரந்தரப் பல் ஒருமுறை போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. ஆனால் விழுந்த அதே பல்லை அதே குழியில் திரும்ப வைக்க முடியும். உரிய நேரத்தில் வைத்தால் அது மறுபடி பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

காரைக்குடியில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த விஷயத்தில் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. பெற்றோர் பல்லைத் தொலைத்துவிட்டு வருவதில்லை. பத்திரமாகத்தான் கொண்டு வருகிறார்கள். கைக்குட்டையில் முடிந்து, பஞ்சில் சுற்றி, விபூதி மடித்த காகிதத்தில் வைத்து. “நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டோம் டாக்டர்” என்று சொல்லி நீட்டுவார்கள். பல் வெள்ளையாக, காய்ந்து, பார்க்க அழகாக இருக்கும். காப்பாற்ற வேண்டிய பகுதி மட்டும் அதில் உயிரோடு இருக்காது. அன்போடு செய்த வேலையே பல்லுக்கு எதிராகப் போய்விடுகிறது.

இந்தப் பல்லின் கதி பெரும்பாலும் என் நாற்காலியில் முடிவாவதில்லை. பள்ளி மைதானத்திலும் ஊரணிப் படிக்கட்டிலும் வீட்டு வளவிலும், அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற பெரியவரின் கையில் முடிவாகிறது. அந்தப் பெரியவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விழுந்தது பால் பல்லா, நிரந்தரப் பல்லா?

6 வயதிலிருந்து 12 வயது வரை பிள்ளைகளின் வாயில் பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்தே இருக்கும். மேல் வரிசையின் நடு முன்பற்கள் இரண்டும் பொதுவாக 7, 8 வயதில் முளைக்கின்றன. அடிபட்டு முழுதாக வெளியே வருவதும் பெரும்பாலும் இவைதான். முளைத்த புதிதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, சுற்றியுள்ள எலும்பும் இளசு. அதனால் 7 முதல் 9 வயதுக்குள் ஒரு நல்ல அடி விழுந்தால் பல் உடைவதற்குப் பதில் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. மேல் பற்கள் முன்தள்ளி இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

பால் பல் விழுந்தால் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிவது நம் பழக்கம். தானாக விழுந்த பால் பல்லுக்கு அதில் ஒரு கெடுதலும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளையின் நிரந்தரப் பல்லுக்கும் அதே கதி நேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

வித்தியாசம் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம் இல்லை. தானாக விழும் பால் பல்லுக்கு வேர் அநேகமாக இருக்காது. கீழிருந்து வரும் நிரந்தரப் பல் அதைக் கரைத்திருக்கும். அடிபட்டு வந்த நிரந்தரப் பல்லில் வெளிர் மஞ்சளாக நீண்ட வேர் தெரியும். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு அடிபட்டு வரும் பால் பல்லிலும் வேர் இருக்கும் என்பதால் வயதையும் பருமனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிரந்தர நடு முன்பல்லின் அகலம் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், பால் பல் 6.5 மில்லிமீட்டர்தான். புதிதாக முளைத்த நிரந்தரப் பல்லின் கடிக்கும் விளிம்பில் மூன்று சிறு மேடுகள் இருக்கும், விரலால் தடவினாலே தெரியும்.

பால் பல்லைத் திரும்ப வைக்கவே கூடாது. அதற்கு மேலே எலும்புக்குள் நிரந்தரப் பல்லின் குருத்து வளர்ந்துகொண்டிருக்கிறது. பால் பல்லை உள்ளே தள்ளினால் அந்தக் குருத்து சிதையலாம். எந்தப் பல் என்று சந்தேகம் வந்தால் குழியில் வைக்காமல் பாலில் போட்டு எடுத்து வாருங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஆறு வயதுக்குக் கீழே என்றால் அது பால் பல், விட்டுவிடலாம், ஆனாலும் பிள்ளையைக் காட்ட வேண்டும். ஏழு வயதுக்கு மேல் முன்பல் வேரோடு வந்தால் அது நிரந்தரப் பல் என்றே வைத்துக்கொண்டு வேகமாகச் செயல்பட வேண்டும்.

பல் எலும்பில் எப்படி நிற்கிறது?

நடவு பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். நாற்றங்காலில் பறித்த நாற்று முடியை வரப்பில் வெயில்பட விட்டுவிட்டால் மேலே தாள் பச்சையாகத்தான் தெரியும். ஆனால் அடியிலுள்ள மெல்லிய வேர்கள் காய்ந்திருக்கும். அதைக் கொண்டுபோய் நட்டால் பிடிக்காது. ஈரத்தோடு வைத்திருந்து அன்றைக்கே நட்டால் பிடித்துக்கொள்ளும். வேரில் சேறு ஒட்டியிருக்கிறதே என்று யாரும் பிரஷ் வைத்துத் தேய்ப்பதில்லை. தண்ணீரில் ஓர் அலசு அலசுவதோடு சரி. பல்லும் அப்படித்தான். மேலே தெரியும் வெள்ளைப் பகுதி பார்வைக்கு. பிடிக்குமா பிடிக்காதா என்பது வேரின் மேற்பரப்பில் இருக்கிறது.

இனி உண்மையில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பல், தாடை எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. பல்லின் வேர் உட்கார்ந்திருக்கும் எலும்புப் பள்ளத்துக்குப் பற்குழி என்று பெயர். வேருக்கும் பற்குழியின் சுவருக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அந்தச் சின்ன இடம் முழுக்க நுண்ணிய நார்கள். ஒரு முனை வேரின் மேற்பூச்சில் புதைந்திருக்கும், மறுமுனை எலும்பில் புதைந்திருக்கும். இதைப் பிணைநார் என்று சொல்லலாம்; மருத்துவர்கள் பெரியோடான்டல் லிகமென்ட் என்பார்கள். மெல்லும்போது விழும் அழுத்தத்தைத் தாங்குவது இதுதான். சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டால் சட்டென்று தெரிகிறதே, அந்த உணர்வு நரம்புகளும் இதற்குள்தான் இருக்கின்றன.

அடிபட்டுப் பல் வெளியே வரும்போது இந்தப் பிணைநார் கிழிகிறது. பாதி குழியின் சுவரிலேயே தங்கிவிடும், மீதிப் பாதி பல்லின் வேரோடு வந்துவிடும். குழியில் இருப்பதற்கு ரத்த ஓட்டம் இருக்கிறது, கவலை இல்லை. வேரோடு வந்த பாதிக்கு ஒன்றும் இல்லை. அதிலுள்ள உயிரணுக்கள் கையிருப்பில் உள்ள ஈரத்தை வைத்துத்தான் சிறிது நேரம் பிழைத்திருக்கும். உயிரோடு இருக்கும்போதே பல்லைக் குழியில் வைத்துவிட்டால் இரு பாதிகளும் மறுபடி இணைந்து நார்களை உருவாக்குகின்றன.

நாற்று உவமை இங்கே நின்றுவிடுகிறது. நாற்றுக்குப் புது வேர் விடும். பல் புதிதாக எதையும் முளைக்கவிடாது. வேரில் ஒட்டிக்கொண்டு வந்த அந்த மெல்லிய திசு செத்துவிட்டால் அதற்கு ஈடாக வேறொன்று வராது. ஆகவே நாம் உண்மையில் காப்பாற்றப் பார்ப்பது பல்லை அல்ல, வேரின் மேலுள்ள அந்தப் பிணைநாரை.

எத்தனை நிமிடம் கையில் இருக்கிறது?

டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்ட்ரியாசென், யோர்டிங்-ஹான்சென் என்ற இருவர் 1966-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. திரும்ப வைத்த பற்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 30 நிமிடத்துக்குள் வைத்த பற்களில் 90 சதவீதத்தில் வேர் அரிப்பு, அதாவது வேர் கரைந்துபோவது, தென்படவில்லை. 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பற்களில் 95 சதவீதத்தில் வேர் அரித்துப்போயிருந்தது. பல் ஒன்றுதான், வாய் ஒன்றுதான். நடுவே கடந்த நேரம் மட்டும் வேறு.

பல் காயங்களுக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் புதுப்பித்த வழிகாட்டுதல் இதை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. விழுந்த இடத்திலேயே, ஏறத்தாழ 15 நிமிடத்துக்குள் திரும்ப வைத்தால் பிணைநார் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். பால் போன்ற ஒன்றில் போட்டு வைத்து, காற்றில் காய்ந்திருந்த நேரம் எல்லாம் கூட்டினாலும் 60 நிமிடத்துக்குள் இருந்தால் அடிபட்ட நிலையில் பிழைத்திருக்கலாம். 60 நிமிடத்துக்கு மேல் காய்ந்திருந்தால் செத்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, கணக்கு வெறும் நேரக் கணக்கு அல்ல. காய்ந்த நேரத்தின் கணக்கு. உலர்ந்து கிடக்கும் முப்பது நிமிடத்திலேயே பெரும்பாலான உயிரணுக்கள் போய்விடுகின்றன. சித்திரை வெயிலில் செம்மண் தரையில் கிடக்கும் பல்லை யோசித்துப் பாருங்கள். கைக்குட்டையும் பஞ்சும் காகிதமும் ஈரத்தை உறிஞ்சுகின்றன. பத்திரமாகப் பொதிந்து வைப்பது என்று நாம் நினைப்பது உண்மையில் பல்லைக் காயவைப்பதுதான்.

விழுந்த உடனே என்ன செய்வது?

முதலில் பிள்ளையைப் பாருங்கள், பல்லை அப்புறம் தேடலாம். மயக்கம், வாந்தி, பேச்சில் தடுமாற்றம், நிற்காத ரத்தம் இருந்தால் தலைக்காயமாக இருக்கலாம். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் முதல் வேலை. பிள்ளை நன்றாக இருக்கிறது என்றால் உட்காரவைத்து, சுத்தமான துணியை மடித்து அடிபட்ட இடத்தில் கடிக்கச் சொல்லிவிட்டுப் பல்லைத் தேடுங்கள்.

பல் கிடைத்ததும் வெள்ளைப் பகுதியைப் பிடித்துத் தூக்க வேண்டும். வேரில் விரல் படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனிலோ மெல்ல அலசினால் போதும். இரண்டும் இல்லாமல் தண்ணீர் மட்டும் இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் சில விநாடி காட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும். அலசுவது வேறு, ஊறவைப்பது வேறு. பிரஷ், சோப்பு, பேஸ்ட், டெட்டால், மஞ்சள்தூள், உப்பு எதுவும் வேண்டாம். வேரில் சதை மாதிரி ஏதோ தொங்குகிறதே என்று சுரண்டவும் வேண்டாம். அந்தச் “சதை”தான் பிணைநார். ரத்தம் நிற்கக் குழியில் காபித்தூள் அப்புகிற பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. பல்லைத் திரும்ப வைக்க வேண்டிய குழியில் அது கூடவே கூடாது.

அடுத்ததாக, முடிந்தால் அங்கேயே பல்லைக் குழியில் வைத்துவிடுங்கள். இதைச் சொன்னால் எல்லோருக்கும் கை நடுங்கும். நடுக்கம் நியாயம்தான். ஆனாலும் இதைவிட நல்ல முதலுதவி இந்தக் காயத்துக்கு இல்லை. பல்லின் வழவழப்பாக வெளிநோக்கி வளைந்த பக்கம் உதட்டுப் பக்கம் வர வேண்டும். உட்குழிந்த பக்கம் நாக்குப் பக்கம். பக்கத்துப் பல்லைப் பார்த்தாலே எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வேர் நுனியைக் குழியில் வைத்து விரலால் மெல்ல அழுத்தினால் பல் அமர்ந்துவிடும். அடிபட்ட முதல் நிமிடங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் நாம் பயப்படுகிற அளவுக்கு அழுவதில்லை. பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வந்ததும் மடித்த கைக்குட்டையை மெதுவாகக் கடிக்கவைத்து அப்படியே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கொஞ்சம் கோணலாக இருந்தால் நாங்கள் சரிசெய்வோம்.

உள்ளே போகாமல் தடுத்தால் வலிந்து தள்ள வேண்டாம், எலும்பு உடைந்திருக்கலாம். பிள்ளை அலறித் துள்ளுகிறது, உங்களுக்கும் தைரியம் வரவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது: பல்லைப் பாலில் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

தேடியும் பல் கிடைக்கவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில நேரம் பல் விழாமல் ஈறுக்குள்ளேயே ஏறிப் புதைந்திருக்கும். அரிதாக மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

சுருங்கச் சொன்னால், வெள்ளைப் பக்கம் பிடி, தேய்க்காதே, குழியில் வை. முடியாவிட்டால் பாலில் போடு. இந்த நான்கும் வீட்டில் பெரியவர்களுக்கும் பள்ளியில் விளையாட்டு ஆசிரியருக்கும் மனப்பாடமாக இருந்தால் போதும்.

ஏன் பால்? தண்ணீரும் இளநீரும் ஏன் ஆகாது?

உயிரணுவைச் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வு தண்ணீரை இரு பக்கமும் போகவர விடும். உயிரணுவுக்குள் உப்பும் மற்றவையும் கரைந்திருக்கின்றன. வெறும் தண்ணீரில் பல்லைப் போட்டால், உள்ளே உப்பு அதிகம், வெளியே இல்லை என்பதால் தண்ணீர் உயிரணுவுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். கடைசியில் அது ஊதி வெடித்துவிடும். வீட்டில் கலக்கும் உப்புத் தண்ணீர் கெட்டியாக இருந்தால் இதற்கு நேர்மாறாக உயிரணுவிலிருந்து நீர் வெளியேறி அது சுருங்கிச் சாகும். பாலில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு நம் உடல் திரவத்துக்கு ஏறக்குறைய சமம். அமிலத்தன்மையும் நடுநிலையை ஒட்டியே இருக்கிறது. அதனால் உயிரணு ஊதுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. குளிர்ந்த பாலில் சில மணி நேரம்கூடத் தாங்குகிறது. கடைகளில் கிடைக்கும் ஆவின் பாக்கெட் பால் சூடுகாட்டிக் கிருமி குறைக்கப்பட்டது. அதைப் பிரித்துக் காய்ச்சாமல் அப்படியே ஊற்றினால் போதும். வீட்டில் காய்ச்சி ஆறிய பால்தான் இருக்கிறது என்றால் அதையும் பயன்படுத்தலாம், பல் காய்ந்து கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். சூடான பால், சர்க்கரை போட்ட பால், தயிர், மோர் வேண்டாம். தயிரும் மோரும் புளிப்பு. புளிப்பு உயிரணுவைக் கொல்லும்.

இளநீரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடங்களில் அதைச் சோதித்திருக்கிறார்கள். சில ஆய்வுகள் நன்றாக இருப்பதாகவும், சில ஆய்வுகள் அதன் அமிலத்தன்மையால் பயனில்லை என்றும் சொல்கின்றன. முடிவு இப்படி இரண்டாக நிற்கும்போது, தெருமுனைக் கடையில் பால் கிடைக்கும் ஊரில் இளநீருக்குப் போக வேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து.

பாலும் இல்லை, சலைனும் இல்லை என்றால் பிள்ளையை ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் பல்லைப் போடலாம். எச்சிலில் கிருமி உண்டு, ஆனாலும் கொஞ்ச நேரத்துக்கு உதவும். பல்லைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வரச் சொல்வது சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது, விழுங்கிவிடுவார்கள். எதுவுமே இல்லை, தண்ணீர் மட்டும்தான் என்றால் தண்ணீராவது இருக்கட்டும். காய்வதைவிடக் கெட்டது எதுவும் இல்லை.

பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு ஆச்சி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் மூடிபோட்ட சின்னத் தூக்குச் சட்டி. உட்காரும் முன்பே அதை மேசையில் வைத்தார்.

“தம்பி, பல்ல பாலுக்குள்ள போட்டு எடுத்தாந்திருக்கேன். பள்ளிக்கூடத்து டீச்சர் போன்ல சொன்னாக. பிள்ளை வாயிலேருந்து ரத்தமும் ரெண்டு சொட்டு இதுல விழுந்துருச்சு. பரவால்லையா?”

“பரவால்ல ஆச்சி. நீங்க செஞ்சதுதான் பெரிய வைத்தியம்.”

மூடியைத் திறந்தபோது ரோஸ் நிறம் கலந்த பாலுக்கடியில் பல் கிடந்தது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், வேர் முழுக்க ஈரமாக, மெல்லிய சவ்வு பளபளத்தது. அப்படி ஒரு வேரைப் பார்ப்பது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அந்த ஆச்சியிடம் அப்போது சொல்லத் தோன்றவில்லை.

மருத்துவர் என்ன செய்வார்?

ஊரிலிருந்து கிளம்பும்போதே போனில் சொல்லிவிட்டு வருவது நல்லது. நாங்கள் தயாராக இருப்போம். பெரிய அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தூரத்தைப் பார்த்து “முதலில் பல்லை வை, பிறகு பயணம்” என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கானாடுகாத்தானிலிருந்தோ தேவகோட்டைக்கு அப்பாலிருந்தோ வருகிறவர்களுக்கு வழியிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

வந்ததும் மரத்துப்போக ஊசி போட்டு, குழியைச் சலைனால் கழுவி, உறைந்த ரத்தத்தை அகற்றிவிட்டு, எலும்புச் சுவர் உடைந்திருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு விரல் அழுத்தத்திலேயே பல்லை உள்ளே செலுத்தி எக்ஸ்ரேயில் சரிபார்ப்போம். நீங்களே வைத்துக்கொண்டு வந்திருந்தால் அதைப் பிடுங்கமாட்டோம். சரியாக இருந்தால் அப்படியே விடுவோம்.

அடுத்து, பல்லைப் பக்கத்துப் பற்களோடு ஒரு மெல்லிய கம்பியால் இணைத்து, பல் நிறத்துப் பசையால் ஒட்டுவோம். இதற்கு ஸ்பிளின்ட் என்று பெயர். கம்பியின் தடிமன் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஏன் அவ்வளவு மெல்லியது, அசையாமல் இறுக்கிக் கட்டினால் நல்லதல்லவா என்று அப்பாக்கள் கேட்பார்கள். பிணைநார் சிறு சிறு அசைவு இருந்தால்தான் ஒழுங்காகச் சேரும். அசைவே இல்லாமல் கட்டினால் நாருக்குப் பதில் எலும்பு வளர்ந்து பல்லைப் பிடித்துக்கொள்ளும், அது நல்லதல்ல. ஸ்பிளின்ட் பொதுவாக 2 வாரம் இருக்கும். எலும்பும் உடைந்திருந்தால் 4 வாரம் வரை. கிருமித் தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் தருவோம், டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று கேட்போம். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து வந்தால் உதவியாக இருக்கும்.

அந்த 2 வாரம் மென்மையான சாப்பாடுதான். இட்லி, குழைந்த சாதம், பால் பணியாரம் தாராளமாகச் சாப்பிடட்டும். டப்பா டப்பாவாக இருக்கும் சீப்புச்சீடை, தேன்குழல், மணகோலம் எல்லாம் பொறுத்திருக்கட்டும். சாப்பிட்ட பின் மென்மையான பிரஷ்ஷால் துலக்க வேண்டும், மருத்துவர் சொன்ன மருந்து நீரால் தினம் இரண்டு வேளை வாய் கொப்பளிக்க வேண்டும். வலிக்குமென்று துலக்காமல் விட்டால் ஈறோரம் அழுக்குச் சேர்ந்து தொற்று வந்துவிடும்.

பல்லுக்குள் இருக்கும் உயிர்

இதுவரை வேரின் வெளிப்பக்கம் பேசினோம். பல்லின் உள்ளேயும் ஓர் உயிருள்ள பகுதி உண்டு: ரத்தக்குழாய்களும் நரம்பும் அடங்கிய மென்திசு. இதைப் பற்கூழ் என்பார்கள். வேரின் நுனியிலுள்ள துளை வழியாகத்தான் அதற்கு ரத்தம் போகிறது. பல் வெளியே வந்த நொடியில் அந்தக் குழாய் அறுந்துவிடுகிறது.

இங்கே பிள்ளையின் வயது முக்கியமாகிறது. 7, 8 வயதில் வேர் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் நுனித் துளை அகலமாகத் திறந்திருக்கும். சீக்கிரம் வைத்த பல்லில் அந்த வழியாகப் புதிய ரத்தக்குழாய்கள் உள்ளே வளர்ந்து பற்கூழ் மறுபடி உயிர்பெற வாய்ப்புண்டு. அதனால் அவசரப்படாமல் அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துக் கவனிப்போம். தொற்று தெரிந்தால் உடனே சிகிச்சை தொடங்குவோம். பிள்ளைகளுக்கு வேர் அரிப்பு வேகமாகப் பரவும்.

மேல் நடு முன்பல்லின் வேர் பத்து வயது வாக்கில் முழுதாகி நுனித் துளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். அதன்பின் ரத்தக்குழாய் திரும்ப நுழைய வழியில்லை. செத்த பற்கூழில் கிருமி பெருகி, அதன் நச்சு வேரின் சுவரைத் தாண்டி வெளியே கசிந்து வேரையே அரித்துவிடும். ஆகவே பல்லை வைத்த 2 வாரத்துக்குள் வேர் சிகிச்சை தொடங்க வேண்டும். செத்த கூழை எடுத்து, உள்ளே சுத்தம் செய்து, மருந்து வைத்துப் பிறகு அடைப்பதுதான் வேர் சிகிச்சை. “பல்லு நல்லா நிக்குதே, வலியும் இல்லையே, எதுக்கு டாக்டர்?” என்று பலர் இந்தக் கட்டத்தில் வராமல் விட்டுவிடுகிறார்கள். வலி இல்லாமலேயே வேர் கரையும். அதுதான் இதில் ஆபத்து.

நேரம் கடந்துவிட்டால் பல்லை வீசிவிடலாமா?

வேண்டாம். பிணைநார் செத்த பல்லையும் பெரும்பாலும் திரும்ப வைக்கிறோம். ஆனால் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிணைநார் இல்லாத வேரை உடம்பு ஓர் எலும்புத் துண்டாகவே நடத்துகிறது. நம் எலும்பு ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து புதிதாகக் கட்டப்படுவது. வேரும் எலும்போடு நேரடியாக ஒட்டிவிட்டால் அந்தக் கரைப்பு வேலையில் சிக்கிக்கொள்கிறது. இந்த நிலைக்கு ஆங்கிலோசிஸ் என்று பெயர். வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் உலோகப் பிடியால் அப்படிப்பட்ட பல்லைத் தட்டினால் மற்றப் பற்களில் வரும் மந்தமான ஒலிக்குப் பதில் கணீரென்று உலோகச் சத்தம் வரும். வேர் சிறிது சிறிதாகக் கரைந்து அந்த இடத்தில் எலும்பு வரும். பெரியவர்களுக்கு இது பல ஆண்டு எடுக்கும், பிள்ளைகளுக்கு விரைவாக நடக்கும். இன்னொரு சிக்கல், பிள்ளையின் தாடை வளரும்போது மற்றப் பற்கள் அதோடு இறங்கி வரும், ஒட்டிப்போன பல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு மூன்று ஆண்டில் அந்தப் பல் மட்டும் குட்டையாகத் தெரியும்.

அப்படியானால் எதற்கு வைக்க வேண்டும்? அந்தப் பல் இருக்கும்வரை அங்குள்ள எலும்பின் அகலமும் உயரமும் காக்கப்படுகிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பேச வேண்டியதில்லை. வளர்ச்சி முடியும் வயதில் செயற்கைப் பல் வைப்பதானாலும் எலும்பு இருந்தால் வேலை எளிது. பல் மிகவும் குட்டையாகத் தெரிய ஆரம்பித்தால் மேல் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வேரை எலும்புக்குள்ளேயே கரைய விடும் சிகிச்சையும் இருக்கிறது.

பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலோ, கடுமையான இதய நோய் இருந்தாலோ, பல்லைத் திரும்ப வைப்பதா என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வைக்க முயல வேண்டாம். பாலில் போட்டு எடுத்து வந்து விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள்

நம் பக்கத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும்தான் திறக்கின்றன. சென்னையிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் ஈரக்காலோடு ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். வாசல்படி உயரம் அவர்களுக்குப் பழக்கமில்லை. விழுந்தால் வாய்தான் முதலில் படியில் படும். நாங்கள் பல்லை வைத்து ஸ்பிளின்ட் போட்டு அனுப்புவோம். அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவார்கள்.

திரும்ப வைத்த பல்லைக் குறைந்தது 5 ஆண்டு தொடர்ந்து பார்க்க வேண்டும். முதல் 3 மாதத்தில் பல முறை, பிறகு 6 மாதத்தில், ஓராண்டில், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. எந்த ஊர் மருத்துவர் பார்த்தாலும் சரி, அவருக்கு முதல் நாள் நடந்தது தெரிய வேண்டும். அதனால் கிளம்பும் முன் எங்களிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: பல் எந்த நாள் எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை நிமிடம் காய்ந்திருந்தது, எதில் போட்டு வைத்தீர்கள், எத்தனை மணிக்குத் திரும்ப வைக்கப்பட்டது, ஸ்பிளின்ட் எந்தத் தேதியில் எடுக்க வேண்டும், வேர் நுனி திறந்திருந்ததா மூடியிருந்ததா. முதல் நாள் எக்ஸ்ரேயையும் போனில் படமெடுத்து அப்பா, அம்மா இருவரிடமும் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிமிடங்களை நாங்கள் கேட்டால்தான் பலர் யோசிக்கிறார்கள். பிள்ளை விழுந்ததும் மணியைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை வீட்டில் பெரிய பிள்ளை ஒன்றிடம் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் சரியாக இருக்கும்.